புள்ளியும் கோடும்: கோட்டுருவியலுக்கு ஓர் அறிமுகம்

இளநிலைக் கணிதம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "அடுத்த பருவத்தில் கிராஃப் தியரியை விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்கிறார்கள். பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் புள்ளி வைத்துக் கோடு போடுவதாக மட்டுமே தெரிகிறது. இதில் கணிதம் எங்கே இருக்கிறது? இதனால் என்ன பயன்? எங்கிருந்து தொடங்குவது?" மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாக விடை சொல்லாமல் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொண்டு போகிறேன், விடைகள் வழியிலேயே வந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பில் வரைபடத்தாளில் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் வரைந்து வளைவரை போட்டோமே, அந்த வரைபடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால் வந்த வினை இது. தமிழில் இதைக் கோட்டுரு என்று தனியாகச் சொல்லும் வசதி நமக்கு இருக்கிறது. கோட்டுரு என்பது சில முனைகளும், அவற்றில் எந்தெந்த இரண்டுக்கு இடையே தொடர்பு உண்டு என்று காட்டும் விளிம்புகளும் சேர்ந்தது. அவ்வளவுதான் வரையறை. வகுப்பில் வெர்டெக்ஸ், எட்ஜ் என்றே புழங்குவார்கள். முனை, விளிம்பு என்று நான் எழுதுமிடமெல்லாம் அவற்றையே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஐந்து தென் மாநிலங்களுக்கும் ஐந்து புள்ளிகள் வையுங்கள். நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு மாநிலங்களைக் கோட்டால் இணையுங்கள். புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதிகளையும், இந்த ஐந்துக்கு வெளியே இருக்கும் மாநிலங்களையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆந்திரத்துக்கும் மூன்று கோடுகள். கேரளத்திலிருந்து கர்நாடகத்துக்கு ஒன்று. கர்நாடகத்திலிருந்து ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் இரண்டு. ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் இடையே ஒன்று. ஆக, 5 முனைகள், 7 விளிம்புகள். இந்தப் படம் கடைசி வரை நம்மோடு வரப்போகிறது.

இந்தப் படத்தில் இருப்பதைவிட இல்லாததைக் கவனியுங்கள். பரப்பளவு இல்லை, தலைநகரம் இல்லை, திசை இல்லை, எல்லையின் நீளம் இல்லை. தமிழ்நாட்டை மேலேயும் தெலங்கானாவைக் கீழேயும் வைத்து வரைந்தாலும், கோடுகளை வளைத்துப் போட்டாலும் அது அதே கோட்டுருதான். யாருக்கு யார் அண்டை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டுவிட்டோம். எதை விட்டால் கேள்வி சிதையாது என்று அறிவதுதான் இந்தப் பாடத்தில் பாதித் திறமை என்பது என் கருத்து. தேற்றங்களை மனப்பாடம் செய்பவர்கள் பலர், ஒரு நடைமுறைச் சிக்கலைக் கொடுத்து இதில் எது முனை, எது விளிம்பு என்று கேட்டால் தடுமாறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கையை அதன் படி என்போம். நம் படத்தில் கர்நாடகத்தின் படி 4. தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் 3. கேரளத்துக்கும் தெலங்கானாவுக்கும் 2. எல்லாவற்றையும் கூட்டினால் 14, அதாவது விளிம்புகளின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு. ஒவ்வொரு விளிம்புக்கும் இரண்டு நுனிகள் இருப்பதால் எந்தக் கோட்டுருவிலும் இப்படித்தான் அமையும். இதைக் கைகுலுக்கல் தேற்றம் என்பார்கள். இதிலிருந்து உடனே ஒரு செய்தி கிடைக்கிறது: கூட்டுத்தொகை இரட்டைப்படை என்பதால், ஒற்றைப்படையான படி கொண்ட முனைகள் எப்போதும் இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருக்க முடியும். ஒரு திருமண வீட்டில் யார் யாரோடு எத்தனை முறை கைகுலுக்கினாலும், ஒற்றைப்படை முறை கைகுலுக்கியவர்களை மட்டும் எண்ணினால் இரட்டைப்படைதான் வரும். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமலேயே இதைச் சொல்லிவிட முடிகிறது.

இந்தச் சிறு உண்மைதான் இத்துறையின் முதல் கட்டுரைக்கும் அடிப்படை. பிரஷ்ய நகரமான கோனிக்ஸ்பெர்க்கில் பிரெகல் ஆறு ஓடியது. இன்று அந்நகரம் கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. ஆற்றின் இரு கரைகள், நடுவில் ஒரு தீவு, கிழக்கே ஆற்றின் இரு கிளைகளுக்கு இடைப்பட்ட நிலம் என நான்கு நிலப்பகுதிகளை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் சரியாக ஒருமுறை மட்டும் கடந்து நகரைச் சுற்றி வர முடியுமா என்பது ஊர் மக்களிடையே உலவிய புதிர். கணிதவியலாளர் லியோனார்டு ஆய்லர் 1735-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமியின் முன் இதற்கு விடை சொன்னார்: முடியாது. ஏழு பாலங்களையும் எல்லா வரிசைகளிலும் கடந்து பார்த்து அவர் அப்படிச் சொல்லவில்லை. பார்க்காமலேயே சொன்னார் என்பதில்தான் கணிதம் இருக்கிறது.

அவர் காரணத்தை நம் சொற்களில் சொன்னால் இப்படி வரும். நடையின் இடையில் ஒரு நிலப்பகுதிக்குள் நுழைந்தால் அங்கிருந்து வெளியேறியாக வேண்டும். நுழைய ஒரு பாலம், வெளியேற இன்னொரு பாலம். ஆகவே இடையில் வரும் பகுதிகளில் பாலங்கள் இரண்டிரண்டாகத் தீரும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் மட்டுமே இந்த இணைக்கணக்குக்கு விலக்கு. ஆகையால் ஒற்றைப்படையான படி கொண்ட முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படியொரு நடை கிடையாது. கோனிக்ஸ்பெர்க்கின் தீவில் 5 பாலங்கள், மற்ற மூன்று பகுதிகளில் மும்மூன்று, நான்குமே ஒற்றைப்படை. கதை அங்கேயே முடிந்தது.

இதை நம் தென்மாநிலப் படத்தில் வைத்துப் பாருங்கள். ஒற்றைப்படையான படி கொண்டவை தமிழ்நாடும் ஆந்திரமும் மட்டுமே. ஆகவே ஏழு மாநில எல்லைகளையும் சரியாக ஒருமுறை கடக்கும் பயணம் ஒன்றைத் திட்டமிட்டால், அது தமிழ்நாட்டில் தொடங்கி ஆந்திரத்தில் முடிய வேண்டும், அல்லது தலைகீழாக இருக்க வேண்டும்; பெங்களூரில் புறப்பட்டு என்னதான் முயன்றாலும் நடக்காது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், மீண்டும் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், ஆந்திரம் என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். ஏழு கோடுகளும் ஒருமுறை தீர்ந்திருக்கும்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒற்றைப்படை முனைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது என்பது ஒரு கூற்று. எல்லா முனைகளும் இரட்டைப்படையாக இருந்து, கோட்டுருவும் ஒன்றாக இணைந்திருந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் நடை கட்டாயம் உண்டு என்பது வேறொரு கூற்று. இரண்டாவதை ஆய்லர் சொன்னாரே தவிர முழுமையாக நிறுவவில்லை. அந்த நிறுவல் கார்ல் ஹீர்ஹோல்சர் என்ற ஜெர்மானியர் இறந்த பிறகு, 1873-இல் அச்சில் வந்தது. அவர் வழி எளிமையானது. எங்காவது தொடங்கிக் கால்போன போக்கில் நடந்தால், எல்லா முனைகளும் இரட்டைப்படை என்பதால் தொடங்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் மாட்டிக்கொள்ள மாட்டோம். ஒரு சுற்று மூடிக்கொள்ளும். மீதிக் கோடுகள் இருந்தால், போட்ட சுற்றின் மேல் உள்ள ஏதோவொரு முனையிலிருந்து இன்னொரு சுற்றுப் போட்டு, அந்த முனையில் இரண்டையும் ஒன்றாகத் தைத்துவிட வேண்டும். கோடுகள் தீரும்வரை இதையே திரும்பச் செய்தால் போதும். இந்தத் தையலை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தத் தீர்வுக்கும் கணிதத்துக்கும் பெரிய தொடர்பில்லை, வெறும் பகுத்தறிவே போதுமே, இதைக் கணிதவியலாளரிடம் ஏன் எதிர்பார்க்கிறார்கள் என்ற பொருளில் ஆய்லரே 1736-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே, இதில் கணிதம் எங்கே என்று கேட்டதற்காக நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மேலும், புத்தகங்களில் ஆய்லரின் பெயரோடு அச்சிடும் அந்த நான்கு புள்ளி, ஏழு கோட்டுப் படம் அவர் கட்டுரையில் கிடையாது. அவர் நிலப்பகுதிகளுக்கு எழுத்துகளைக் கொடுத்து அவற்றின் வரிசையை வைத்தே வாதிட்டார்.

பயன் என்று பார்த்தால், தெருத்தெருவாகப் போகும் தபால்காரரும் குப்பை வண்டியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எல்லாத் தெருக்களையும் தொட வேண்டும், போன தெருவுக்கே மறுபடி போவது மிகக் குறைவாக இருக்க வேண்டும். எல்லாச் சந்திப்புகளும் இரட்டைப்படையாக இருந்தால் வீண் நடையே இல்லை. ஒற்றைப்படைச் சந்திப்புகள் இருந்தால், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, எந்தத் தெருக்களை இருமுறை நடந்தால் செலவு குறையும் என்று கண்டுபிடிக்க வேண்டும். சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கோ 1960-இல் இதை ஆராய்ந்ததால் சீனத் தபால்காரர் கணக்கு என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான தெருக்கள் இருந்தாலும் கணினி இதற்குச் சிறந்த விடையை விரைவாகத் தந்துவிடும்.

இனிக் கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறேன். எல்லா விளிம்புகளையும் ஒருமுறை என்பதற்குப் பதிலாக எல்லா முனைகளையும் ஒருமுறை தொட்டுத் திரும்ப வேண்டும். நம் படத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம், தமிழ்நாடு என்று எளிதாகக் கிடைத்துவிடுகிறது. அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1857-இல் பன்னிரு ஐங்கோண முகங்கள் கொண்ட திண்மத்தின் 20 முனைகளைச் சுற்றிவரும் விளையாட்டொன்றை உருவாக்கியதால் இதற்கு ஹாமில்டன் சுற்று என்று பெயர். முதல் கேள்விக்குப் படிகளை எண்ணினால் போதும் என்ற நிலை இருக்க, இந்தக் கேள்விக்கு அப்படியொரு எளிய சோதனை இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. ரிச்சர்டு கார்ப் 1972-இல் வெளியிட்ட கடினமான கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. இதற்கு எப்போதும் விரைவாக விடை தரும் வழிமுறை ஒன்றைக் கண்டாலோ, அப்படியொன்று கிடையாது என்று நிறுவினாலோ, கிளே கணித நிறுவனம் 2000-இல் அறிவித்த பத்து லட்சம் டாலர் பரிசு உங்களுக்கு உரியது.

கடினம் என்றால் எவ்வளவு கடினம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 20 ஊர்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுப் புறப்பட்ட ஊருக்கே மிகக் குறுகிய வழியில் திரும்ப நினைக்கும் விற்பனையாளருக்கு, ஒரே சுற்றை எதிர்த்திசையில் போவதைத் தனியாக எண்ணாவிட்டாலும், மொத்தம் சுமார் 608 கோடி கோடி வழிகள் இருக்கின்றன. நொடிக்கு 100 கோடி வழிகளைச் சரிபார்க்கும் கணினியிடம் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னால் ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும். ஐந்தே ஐந்து ஊர்களைக் கூட்டி 25 ஆக்குங்கள்: சுமார் 98 லட்சம் ஆண்டுகள். இதற்காக எவரும் கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. புத்திசாலித்தனமாகக் கிளைகளை வெட்டிக்கொண்டே போகும் முறைகளால் 85,900 முனைகள் கொண்ட ஒரு கணக்குக்கே 2006-இல் மிகச் சிறந்த விடை கண்டு, அதைவிடச் சிறந்தது இல்லை என்றும் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் அந்த முறைகள் எந்தக் கணக்குக்கும் விரைவாக முடியும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒரே குடும்பத்தைப் போலத் தெரியும் இரண்டு கேள்விகளில் ஒன்று சிறு பிள்ளைக்கும் ஆகும், மற்றொன்று உலகையே திணறடிக்கும் என்பதுதான் என்னை இந்தப் பாடத்தில் பிடித்து வைத்திருக்கிறது.

எளிய பக்கத்தில் இருக்கும் இன்னொரு கேள்வி குறுகிய வழி. கைபேசியில் வழி கேட்கும்போது உள்ளே நடப்பதன் அடிப்படை இதுதான். நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையின் திறந்தவெளியில் உட்கார்ந்து, காகிதமும் பென்சிலும் இல்லாமல் இருபது நிமிடங்களில் இதற்கான வழிமுறையை யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார், 1959-இல் வெளியிட்டார். கையால் செய்து பார்ப்போம். வீட்டிலிருந்து கோயிலுக்கு 1 நிமிடம், கடைத்தெருவுக்கு நேராகப் போனால் 4 நிமிடம். கோயிலிலிருந்து கடைத்தெருவுக்கு 2, பள்ளிக்கு 8. கடைத்தெருவிலிருந்து பள்ளிக்கு 5. வீட்டிலிருந்து தெரிவதில் மிக அருகில் இருப்பது கோயில். அதன் 1 நிமிடத்தை உறுதி என்று குறித்துவிடுங்கள். கோயில் வழியாகப் பார்த்தால் கடைத்தெருவின் 4 குறைந்து 3 ஆகிறது, பள்ளி 9 என்று தெரிகிறது. மீதியில் சிறியது கடைத்தெரு; 3 உறுதி. அதன் வழியாகப் பார்த்தால் பள்ளி 8 ஆகிறது, அதுவும் உறுதி. ஒவ்வொரு படிநிலையிலும் மிக அருகில் இருப்பதை உறுதி செய்து, அதன் அண்டைகளைத் திருத்துகிறோம். உறுதி செய்ததை ஏன் மறுபடி திருத்த வேண்டியதில்லை என்பதே தேர்வில் வரும் கேள்வி: மீதி முனைகள் எல்லாம் ஏற்கனவே தொலைவில் இருக்கின்றன, அவற்றைச் சுற்றி வந்தால் நேரம் கூடுமே தவிரக் குறையாது. குறை எண் மதிப்புள்ள விளிம்பு ஒன்று வந்துவிட்டால் இந்த வாதம் உடைந்துவிடும் என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மரங்கள். சுற்று எதுவும் இல்லாமல் எல்லா முனைகளும் இணைந்திருந்தால் அந்தக் கோட்டுருவை மரம் என்கிறோம். முனைகள் எத்தனையோ அதற்கு ஒன்று குறைவாகவே அதில் விளிம்புகள் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் பெண்டேனுக்கு மூன்று மாற்றியங்கள் என்று படித்தீர்களே, அது ஐந்து கார்பன் முனைகளை மரமாக இணைக்கும் வழிகளின் எண்ணிக்கை. ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஆர்தர் கேலி 1870களில் இப்படித்தான் ஹைட்ரோகார்பன்களை எண்ணத் தொடங்கினார். ஹெக்சேனுக்கு 5, டெக்கேனுக்கு 75 என்று அது வேகமாக வளரும். செக் நாட்டின் ஒட்டகர் போருவ்கா 1926-இல் மொராவியாப் பகுதிக்கு மின்கம்பி இழுக்க மிகக் குறைந்த செலவுள்ள வலையமைப்பு எது என்று கேட்டபோது அவருக்குத் தேவைப்பட்டதும் மரம்தான். கம்பியில் சுற்று இருந்தால் ஒன்றை வெட்டினாலும் மின்சாரம் போய்ச்சேரும், ஆகவே அது வீண் செலவு. இதற்குப் பேராசைக்காரன் வழி பலிக்கிறது: மலிவான கம்பியாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போங்கள், சுற்று உண்டாக்குவதை மட்டும் தள்ளிவிடுங்கள். பேராசை எப்போதும் இப்படிப் பலிப்பதில்லை. விற்பனையாளர் கணக்கில் அருகிலுள்ள ஊருக்கே போய்க்கொண்டிருந்தால் கடைசியில் நெடுந்தொலைவு திரும்ப வேண்டி வரலாம்.

நம் தென்மாநிலப் படத்தில், எல்லா மாநிலங்களையும் இணைக்கும்படி 4 விளிம்புகளை மட்டும் விட்டு மற்றதை அழித்தால் எத்தனை வெவ்வேறு மரங்கள் கிடைக்கும்? கையால் எண்ணினால் விட்டுப்போகும். 1847-இல் மின்சுற்றுகளை ஆராய்ந்த கிர்க்காஃபின் வழியிலிருந்து வந்த தேற்றம் ஒன்று கைகொடுக்கிறது. ஓர் அணியின் மூலைவிட்டத்தில் படிகளையும், அண்டை மாநிலங்களுக்குரிய இடங்களில் −1-ஐயும், மற்ற இடங்களில் 0-வையும் எழுதி, கர்நாடகத்தின் நிரையையும் நிரலையும் நீக்கிவிட்டு, எஞ்சிய 4×4 அணியின் அணிக்கோவையைக் கண்டுபிடியுங்கள். 21 வரும். முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதும் ஃபிபனாச்சி வரிசையில் (1, 1, 2, 3, 5, 8, 13, 21) இருக்கும் எண்ணாயிற்றே என்று தோன்றினால், அது தற்செயல் அல்ல. ஒரு மையமும் அதைச் சுற்றி விசிறிபோல் ஒரு வரிசையும் அமைந்த கோட்டுருக்கள் அனைத்துக்கும் ஃபிபனாச்சி எண்களே வரும்.

அணி என்று வந்துவிட்டதால் இன்னொன்று. அண்டை என்றால் 1, இல்லையென்றால் 0 என்று எழுதிய 5×5 அணியை அதனாலேயே பெருக்கினால், ஒவ்வோர் இடத்திலும் இரண்டே தாவலில் அங்கிருந்து இங்கே போகும் வழிகளின் எண்ணிக்கை வந்து நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து தெலங்கானாவுக்கு 2: கர்நாடகம் வழியாக ஒன்று, ஆந்திரம் வழியாக ஒன்று. அணிப் பெருக்கல் எதற்கு என்று பள்ளியில் எவரும் சொல்லாமல் விட்டதற்கு இது ஒரு பதில். இணையப் பக்கங்களை முனைகளாகவும் அவற்றுக்கிடையேயான இணைப்புகளைத் திசையுள்ள விளிம்புகளாகவும் கொண்டு, கூகுளின் நிறுவனர்கள் 1998-இல் வெளியிட்ட பக்கத் தரவரிசை முறையும் இத்தகைய அணி ஒன்றின் மீது நடக்கும் கணக்குதான்.

வண்ணமிடுதலைப் பற்றி மட்டுமே ஒரு பருவம் பாடம் நடத்தலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அண்டை முனைகள் ஒரே வண்ணம் பெறக் கூடாது என்பது விதி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் ஒன்றுக்கொன்று அண்டை என்பதால் நம் படத்துக்கு மூன்று வண்ணங்களாவது வேண்டும். ஆந்திரத்துக்குக் கேரளத்தின் வண்ணத்தையும் தெலங்கானாவுக்குத் தமிழ்நாட்டின் வண்ணத்தையும் கொடுத்தால் மூன்றே போதும். ஐரோப்பாவில் லக்சம்பர்க், பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி நான்கும் ஒன்றையொன்று தொடுவதால் அங்கே நான்கு வேண்டும். ஐந்து தேவைப்படும் வரைபடம் உண்டா? 1852-இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்தின் மாவட்டங்களுக்கு வண்ணமிடும்போது எழுந்த கேள்வி இது. 1879-இல் கெம்பே என்பவர் நான்கே போதும் என்று நிறுவியதாக அறிவித்தார். 11 ஆண்டுகள் கழித்து ஹீவுட் அதில் ஓட்டையைக் காட்டினார். இறுதியில் 1976-இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனி நிலைகளைக் கணினியில் சரிபார்த்து, நான்கே போதும் என்று முடித்தார்கள். மனிதர் எவரும் முழுவதும் படித்துச் சரிபார்க்க முடியாத ஒன்றை நிறுவல் என்று ஏற்கலாமா என்று பெரிய சர்ச்சை எழுந்தது.

தேர்வு அட்டவணை போடுவதும் வண்ணமிடல்தான். பாடங்கள் முனைகள், ஒரு மாணவராவது இரண்டையும் எழுத வேண்டியிருந்தால் அவற்றுக்கிடையே ஒரு விளிம்பு, வண்ணம் என்பது தேர்வு நாள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் சேர்த்து எடுத்த மாணவர் ஒருவர் இருந்தாலே நான்கு நாட்கள் கட்டாயம். கணினி அறிவியலையும் உயிரியலையும் சேர்த்து எடுத்தவர் ஒருவரும் இல்லையென்றால் அவ்விரண்டையும் ஒரே நாளில் வைக்கலாம். பிளஸ் டூ அட்டவணையில் ஒரே நாளில் பல பாடங்கள் சேர்ந்து வருவதை இப்போது வேறு கண்ணால் பார்ப்பீர்கள். சுடோகுவும் இதே இனம்: 81 கட்டங்களும் முனைகள், ஒவ்வொன்றுக்கும் 20 அண்டைகள், மொத்தம் 810 விளிம்புகள், 9 வண்ணங்கள். இங்கேயும் அதே கதை தொடர்கிறது: இரண்டு வண்ணம் போதுமா என்று சோதிப்பது மிக எளிது, மூன்று போதுமா என்று சோதிப்பது ஹாமில்டன் சுற்றைப் போலவே கடினம்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கடைசிக் கேள்விக்கு, வாசலிலிருந்து என்பேன். சிக்குக் கோலத்தில் புள்ளிகளைச் சுற்றிக் கம்பி ஓடுகிறது. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கம்பிகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் இடங்களை முனைகளாகக் கொள்ளுங்கள், புள்ளிகளை அல்ல. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பிகள் சேர்வதால் எல்லாப் படிகளும் 4, அதாவது இரட்டைப்படை. ஆகவே ஆய்லர் கணக்குப்படி, துண்டுதுண்டாகப் பிரியாமல் ஒன்றாக இணைந்திருக்கும் எந்தச் சிக்குக் கோலத்தையும் கையெடுக்காமல் போட்டுவிடலாம். ஆனால் கோலம் போடுபவர்கள் அதற்குமேல் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: வெட்டும் இடத்தில் திரும்பக் கூடாது, நேரே போக வேண்டும். அந்த விதியோடு பார்த்தால் விடை மாறிவிடுகிறது. வரிசைக்கு 3 புள்ளியாக 2 வரிசை வைத்து, எல்லா இடைவெளிகளிலும் வெட்டவிட்டுப் போட்டால் 7 முனைகள், 14 விளிம்புகள். ஒரே இழையில் முடியும். 3 வரிசையில் மும்மூன்று புள்ளி வைத்தால் 12 முனைகள், 24 விளிம்புகள். நேரே போனால் மூன்று தனித்தனிச் சுழிகளாகப் பிரிந்துவிடும். இப்படிச் செவ்வக வடிவில் முழுமையாகப் போடும் கோலங்களில், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை சுழிகள் வரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1970களில் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் சென்ற பாதை வேறு, ஆனால் புறப்பட்ட வாசல் இதுதான்.

மூன்று சுழிகள் வந்துவிட்டால் கோலம் போடுபவர் என்ன செய்வார்? இரண்டு சுழிகள் வெட்டும் ஓரிடத்தில் வெட்டவிடாமல் கம்பியை வளைத்துத் திருப்பிவிடுவார். இரண்டும் ஒரே இழையாகிவிடும். ஹீர்ஹோல்சர் இரண்டு சுற்றுகளைப் பொது முனையில் தைத்தாரே, அதே தையல். 6 வரிசையில் நான்கு நான்கு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டு, சுழிகளை இரண்டு நிறத்தில் தீட்டிக்கொள்ளுங்கள். பிறகு எந்த வெட்டில் வளைத்தால் எல்லாம் ஒன்றாகிறது, ஒரே நிறக் கம்பி தன்னைத்தானே வெட்டும் இடத்தில் வளைத்தால் என்ன ஆகிறது என்று பென்சிலால் முயன்று பாருங்கள். இரண்டாவது கேள்விக்கு எல்லா இடத்திலும் ஒரே விடை வராது.